காலுக்கு இறங்கும் நரம்பு வலி: படுத்தே இருக்கலாமா?

கேள்வி: வயது 44. மூன்று வாரமாக இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை சுளீரென்று வலி இழுக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்துள்ளது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார் டாக்டர். படுத்தே ஓய்வெடுக்கட்டுமா? வீட்டில் வேறென்ன செய்யலாம்?

பதில்: வலி பெருவிரல் வரை வருகிறது என்றால், கீழ் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 என்ற நரம்பு அழுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனைப் பார்த்து மிரள வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் பிதுக்கம் தெரியும். இந்த வலி பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

வலி தாங்க முடியாத நாட்களில் ஓரிரு நாள் படுத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை. உட்கார்ந்தே இருப்பதுதான் பலருக்கு வலியைக் கிளப்பும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, வலி அதிகமாகாத அளவுக்கு நாலடி நடந்துவிட்டு வாருங்கள்.

எந்த அசைவு நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரியும்? வலி எவ்வளவு என்பதைவிட, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதத்தில் இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறினால் நல்ல அறிகுறி. அப்போது இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மாறாக, கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள். டிஸ்க் பிதுக்கம் உள்ள சிலருக்குக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்கினால் வலி இப்படி மேலேறும். வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்கியிருந்தால் கதையே வேறு: அவர்களுக்குக் குனிந்தால்தான் இதம். ஆகவே எல்லோருக்கும் பொதுவான வீடியோ பயிற்சிகளை நம்புவதைவிட, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுவது மேல்.

பலர் செய்யும் தவறு, தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது என்று காலை நீட்டிப் பாதத்தைத் தொட முயல்வது. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பைப் பிடித்து இழுப்பதுதான் அது.

ஒத்தடம் சூடோ குளிரோ, எது இதமோ அதை 15 நிமிடம் கொடுங்கள். காலில் மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வேண்டாம், சுட்டாலும் தெரியாது. இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஓரளவு உதவலாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு, குடல்புண், இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

குதிகாலை ஊன்றிப் பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லை, அல்லது பலவீனம் கூடுகிறது என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலும் தாமதிக்க வேண்டாம். சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், இரண்டு கால்களும் தளர்தல், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.