சென்னை தி.நகரில் சந்துக்குள் புகுந்து போகலாம், ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஏன் முடிவதில்லை?

தெருக்கள் போடப்பட்ட விதம்தான் காரணம். தி.நகர் 1920களில் ஏரி நிலத்தில் ஒரே திட்டமாக உருவானது. பனகல் பூங்காவைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வரலாம்.

ஓஎம்ஆர் அப்படியில்லை. வயலும் தோப்பும் துண்டு துண்டாக விற்கப்பட்டு மனைகளாயின. ஒவ்வொரு மனைப்பிரிவும் பிரதான சாலைக்கு ஒரு வழி வைத்துக்கொண்டதே தவிர, பக்கத்து மனைப்பிரிவோடு சேரவில்லை. அப்புறம் சுற்றுச்சுவர் வைத்த அடுக்குமாடிகள் வேறு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். தாண்டப் பாலங்கள் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போகக்கூட வண்டியை எடுத்துப் பிரதான சாலைக்கு வந்து சுற்ற வேண்டும். நெரிசல் வராமல் என்ன செய்யும்?

வீடு இடித்துக் கட்டப்படும், தெரு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பட்டா பிரிந்தபின் குறுக்குத் தெரு போடுவது மிகக் கடினம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே இணைப்புத் தெருவைக் கட்டாயமாக்க வேண்டும்.