2⁶⁷ − 1: கேள்வி பதில்

இன்றைய கேள்விகள் அனைத்தும் 147573952589676412927, அதாவது 2⁶⁷ − 1, என்ற ஒரே எண்ணைப் பற்றியவை. பதில்களில் இதை M என்று குறிக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எத்தனையோ பெரிய எண்கள் இருக்க, இதற்கு மட்டும் என்ன பெருமை?

பதில்: தவறான பட்டியலில் இடம்பெற்ற பெருமைதான். பிரெஞ்சுத் துறவி மெர்சென், 2-ன் எந்தெந்த அடுக்குகளில் 1 கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 1644-இல் ஒரு பட்டியல் தந்தார். அதில் 67-உம் இருந்தது. 1876-இல்தான் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் M பகு எண் என்று நிறுவினார். காரணி எதையும் அவர் காட்டவில்லை.

கேள்வி: காரணியே தெரியாமல் பகு எண் என்பதா? நம்ப முடியவில்லையே!

பதில்: நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். லூக்காவின் வழியைப் பிற்பாடு லேமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எளிதாக்கினார். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 31-க்கு (2⁵ − 1) மூன்று தடவை: 14, 8, 0. பூச்சியத்தில் முடிந்தால் பகா எண். M-க்கு 65 தடவை செய்தாலும் பூச்சியம் வராது; அதனால் பகு எண். காரணிகள் என்ன என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வர லூக்காவுக்குப் பின் இன்னும் 27 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: p என்ற ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கு, 2-ன் (p − 1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அதை M-க்குச் சோதித்தேன். M பகா எண் போலவே நடந்துகொள்கிறது. எங்கே பிழை?

பதில்: உங்களிடம் பிழை இல்லை, 2 இங்கே பொய்ச்சாட்சி. 2⁶⁷-ஐ M-ஆல் வகுத்தால் மீதி 1. M − 1 என்பது 67-ன் மடங்கு. ஆகவே 2-ன் (M − 1)-ஆம் அடுக்கும் மீதி 1 தந்தே தீரும்.

கேள்வி: காரணிகளைக் கண்டவர் யார்?

பதில்: அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பார்கள். எனக்குப் பிடித்த கதை, சத்தியம் செய்யமாட்டேன்.

கேள்வி: சார், நிரல் எழுதித் தேடுகிறேன். எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். M-ன் காரணி எதுவும் 134k + 1 (k ஒரு முழு எண்) வடிவில்தான் இருக்கும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். சிறிய காரணிக்கு k = 1445580. இரண்டாம் நிபந்தனை பாதி k-க்களைக் கழித்துவிடுவதால் ஏறக்குறைய ஏழே கால் லட்சம் வகுத்தல்தான். நீங்கள் சொல்லும் வழியில் ஒரு கோடியைத் தாண்டும்.

கேள்வி: 2⁶⁶ × M நிறைவெண்ணா?

பதில்: தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக வரும் எண்தான் நிறைவெண். M பகா எண்ணாக இருந்திருந்தால் ஆம். இப்போது அது மிகை எண்: தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைவிட அதிகம். எவ்வளவு அதிகம் தெரியுமா? கோல் கண்ட இரு காரணிகளையும் கூட்டி M-ஆல் பெருக்குங்கள், சரியாக அவ்வளவு.