ஒரே கட்டடம், மூன்று கொட்டேஷன்

கேள்வி: ஐந்து மாடி அடுக்குமாடி ஒன்றைக் கட்டவிருக்கிறோம். விற்பனையைத் தொடங்குவதற்கு முன் வெளித்தோற்றம் மூன்று, உள் அறைகள் மூன்று என ஆறு த்ரீடி படங்கள் தேவை. மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் சொன்னதைப்போல நான்கு மடங்கு கேட்கிறார் மூன்றாமவர். படம் என்றால் படம்தானே, இவ்வளவு வித்தியாசம் எப்படி?

பதில்: அவர்களிடம் எதைக் கொடுத்து விலை கேட்டீர்கள்? பிளானை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “ஆறு வியூ, எவ்வளவு ஆகும்?” என்று கேட்டிருந்தால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். மலிவாகச் சொன்னவர் கையிருப்பில் உள்ள ரெடிமேட் சோபாவையும் மரத்தையும் வைத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். அதிகம் சொன்னவர், உங்கள் கட்டடத்தின் ஒவ்வொரு கைப்பிடியையும் அளவு பார்த்துச் செய்யப்போகிறார். இரண்டுமே நியாயமான விலையாக இருக்கலாம்.

இந்த வேலையில் செலவு படத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. முதலில் கட்டடத்தையே கணினிக்குள் எழுப்ப வேண்டும்: சுவர், ஜன்னல் சட்டம், பால்கனி, மாடியில் தண்ணீர்த் தொட்டி வரை. அதனால் வெளித்தோற்றத்தின் முதல் படத்துக்குத்தான் உழைப்பு அதிகம். அதே மாடலில் கேமராவை நகர்த்தி இன்னொரு கோணம் எடுப்பது அதில் சிறு பகுதிதான். மூன்று வெளித்தோற்றத்துக்கும் ஒரே விலை போட்டிருந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள். பகல் காட்சியை அந்தி நேரமாக மாற்றுவதும் அப்படித்தான், ஒரு சின்னச் சிக்கலோடு. விளக்கு எரியும் ஜன்னல்கள் வழியே உள்ளே வெறும் சுவர் தெரியக்கூடாதே! திரை, அலமாரி என்று எதையாவது வைத்தாக வேண்டும்.

உள் அறைகளில் இந்தப் பேரம் எடுபடாது. ஹாலுக்குச் செய்த மேசையும் விளக்கும் சமையலறைக்கு உதவாது. ஒவ்வொரு அறையும் புது வேலை. அதிலும் “இந்தக் கடையில் பார்த்த இதே சோபாதான் வேண்டும்” என்று போட்டோ அனுப்பினால் அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். உண்மையிலேயே அந்தச் சோபாவைத்தான் தரப்போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் ரெடிமேட் போதும்.

அடுத்து உங்கள் டிராயிங். கட்டடக்கலைஞர் ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் மாடல் செய்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கட்டுமானத்துக்காகச் செய்த மாடலை அப்படியே படமாக்க முடியாது, சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஆனாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைவிட மேல். ஸ்கேன் செய்த காகிதப் பிளான் மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி வரைவதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். முகப்புக்கு என்ன கல், என்ன கலர் என்றே முடிவாகாத நிலையில் போனால் இன்னும் மோசம். படம் செய்பவரே டிசைனும் செய்யத் தொடங்கிவிடுவார், பில்லில் அது தெரியும்.

கடைசியாக, பெரும்பாலோர் கொட்டேஷனில் படிக்காமல் விடும் வரி: எத்தனை சுற்றுத் திருத்தம். வழக்கமாக முதலில் கலர் எதுவும் இல்லாத சாம்பல் நிற மாடலைக் காட்டி, கோணமும் அளவும் சரியா என்று கேட்பார்கள். ஜன்னலை நகர்த்த வேண்டுமா, அப்போதே சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் அது சில நிமிட வேலை. கலர், ஒளி, மரம், மனிதர்கள் எல்லாம் வந்தபிறகு அதே ஜன்னலை நகர்த்தினால் நிழல் மாறும், பிரதிபலிப்பு மாறும், படத்தையே திரும்ப எடுக்க வேண்டும். டிராயிங்கில் இருந்ததை அவர்கள் தவறாகச் செய்திருந்தால் திருத்தம் இலவசம், நீங்கள் மனம் மாறினால் கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டாளிகள் நான்கு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் பேசட்டும். நான்கு பேரும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் எந்தக் கொட்டேஷனும் தாங்காது.

ஆகவே மூவருக்கும் ஒரே டிராயிங், ஒரே கோணப் பட்டியல், ஒரே எண்ணிக்கையில் திருத்தச் சுற்றுகள் என்று எழுதிக்கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். நான்கு மடங்கு அப்படியே நிற்குமா என்று அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: படங்கள் வாங்கிய அதே இடத்தில் கட்டடத்துக்குள் நடந்து போவதைப்போலக் காட்டும் ஒரு நிமிட வாக்த்ரூ வீடியோ கேட்டேன். மாடல் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. ஆனாலும் படங்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: அநேகமாக இல்லை. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,500 படங்கள். ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்ய, அதாவது மாடலைக் கணினி படமாக்கி முடிக்க, 10 நிமிடம் என்று வையுங்கள். 15,000 நிமிடம், அதாவது 250 மணி நேரம். ஒரே கணினி இரவு பகலாக ஓடினாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதனால் பல கணினிகளை வாடகைக்கு எடுத்து வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வாடகையும் உங்கள் தலையில்தான். எல்லாம் முடிந்தபிறகு “சோபா கலரை மாற்றலாமா?” என்று கேட்டால் சோபா தெரியும் அத்தனை ஃப்ரேமும் மறுபடி.

“மாடல்தான் இருக்கிறதே” என்பதும் பாதி உண்மைதான். நிலையான படத்துக்குக் கேமரா பார்க்கும் பக்கத்தை மட்டும் செய்தால் போதும். சினிமா செட் மாதிரி, பின்னால் ஒன்றும் இருக்காது. வீடியோவில் கேமரா நடந்து போகிறது, பின்பக்கமும் வேண்டும்.

செலவைக் குறைக்க இரண்டு வழி. லுமியன், ட்வின்மோஷன், அன்ரியல் எஞ்சின் போன்ற நிகழ்நேர மென்பொருளில் செய்யச் சொல்லுங்கள்; ஒரு ஃப்ரேம் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். கண்ணாடி, பளபளக்கும் தரை ஆகியவற்றில் கொஞ்சம் நுணுக்கம் குறையலாம், வாங்க வருபவர்களில் பலர் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இன்னொன்று, 4கே வேண்டுமா என்று யோசியுங்கள். முழு எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் அதில் இருப்பதால் ரெண்டர் நேரமும் அதற்கேற்ப ஏறும். உங்கள் வீடியோவை எல்லோரும் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால் அது வீண்.

கேள்வி: பணம் முழுவதும் கொடுத்துவிட்டேன். படங்களைத் தந்தார்கள், மூல ஃபைலைத் தர மறுக்கிறார்கள். எனக்கு உரிமை இல்லையா?

பதில்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. படத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு, அதை உருவாக்கிய ஃபைல் வேறு. ஃபைலில் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய மரம், நாற்காலி, கார் மாடல்கள் இருக்கும். அவற்றை மற்றவருக்குக் கைமாற்ற உரிமம் பல சமயம் இடம் தருவதில்லை. உங்கள் கட்டடத்தின் மாடலை மட்டும் பிரித்துத் தரச் சொல்லிப் பாருங்கள், தனிக் கட்டணம் கேட்கலாம். அடுத்த முறை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். கூடவே பிரோஷர், ஹோர்டிங், இணையம் என்று எங்கெல்லாம் படத்தைப் போடப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஏ3 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவாக அச்சாக அகலத்தில் ஏறக்குறைய 5,000 புள்ளிகள் தேவை. இணையத்துக்கென்று செய்த படம் அதில் பாதிகூட இருக்காது. ஹோர்டிங்கைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்கே அவ்வளவு அடர்த்தி வேண்டாம். அதற்கென்று பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.