சூட்கேஸில் ஒயின் பாட்டில்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: பயணம் முடிந்து திரும்பும்போது மூன்று சிவப்பு ஒயின், ஒரு ஸ்பார்க்ளிங் ஒயின் (வாயுவோடு நுரைக்கும் ஒயின்) பாட்டில் கொண்டுவர ஆசை. வழியில் ஒரு விமானம் மாற வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் மேலே போனதும் காற்றழுத்தத்தில் வெடித்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: வெடிக்காது, தைரியமாக வையுங்கள். பயணிகள் விமானத்தில் நீங்கள் உட்காரும் பகுதிக்கும் கீழே சாமான் வைக்கும் பகுதிக்கும் காற்றழுத்தம் ஒன்றேதான். அதிகம் போனால் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பது மாதிரி. ஸ்பார்க்ளிங் பாட்டிலுக்குள் ஏற்கெனவே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 5, 6 மடங்கு இருக்கும். அதைத் தாங்கத்தான் அந்தக் கண்ணாடி அவ்வளவு தடிமன். பறக்கும்போது கூடுவது கால் மடங்குதான்.

பாட்டிலை உடைப்பது அடி. பெல்ட்டிலிருந்து பெட்டி விழும், அதன் மேல் இன்னொன்று விழும். கழுத்தும் தோள்பட்டையும்தான் முதலில் போகும். பாட்டிலோடு பாட்டில் மோதினால் இன்னும் மோசம்.

கட்டும் முறை இது. கழுத்தில் ஒரு தடித்த சாக்ஸை மாட்டுங்கள். பாட்டிலை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். உடைந்தாலும் ஒயின் உள்ளேயே நிற்கட்டும் என்பதற்காகத்தான் இரண்டு பை. பிறகு ஜீன்ஸிலோ ஸ்வெட்டரிலோ இறுக்கச் சுருட்டி, பெட்டியின் நடுவில் படுக்க வையுங்கள். சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்குத் துணி இருக்கட்டும். ஓரத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மூடியபின் பெட்டியைத் தூக்கி நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகர்வது கையில் தெரிந்தால் திறந்து, இடைவெளியில் துணி திணியுங்கள். காற்றடைத்த பாட்டில் உறை கிடைத்தால் வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் அதை நம்பி பாட்டிலை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

நிரம்பிய 750 மில்லி பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். நான்குக்கு ஆறு கிலோ ஒதுக்கிவிட்டு மற்றதை அடுக்குங்கள்.

விமானப் பாதுகாப்பு விதியில் 24 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானத்துக்குச் செக்-இன் பெட்டியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை; சாதாரண ஒயின் 12 முதல் 15 சதவீதம்தான். சுங்க வரம்பு வேறு விஷயம். வரியில்லாமல் எத்தனை லிட்டர் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளுக்குள் மது கொண்டுபோவதே குற்றம். இறங்கும் நாட்டின் சுங்கத்துறை இணையதளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் உண்மையில் கவலைப்படுவது விமானம் மாறும் இடத்தைப் பற்றித்தான். கேபின் பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் பெரும்பாலும் செல்லாது. ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினால் சீல் வைத்த பையில் ரசீதோடு தருவார்கள். கடைசி விமான நிலையம் வரை அதைப் பிரிக்காதீர்கள். பிரித்த பையோடு மறுபடி சோதனைக்குப் போனால் பாட்டில் குப்பைத் தொட்டிக்குத்தான். வழியில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால், அங்கேயே பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். முடிந்தால் கடைசியாக ஏறும் விமான நிலையத்திலேயே வாங்குங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

இறங்கியதும் பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், சுவையும் கெடும். அடியில் வண்டல் உள்ள பழைய ஒயின் என்றால் நிமிர்த்தி வைத்து, சில நாள் கழித்துத் திறங்கள்.