வெளிநாட்டுப் பழைய படகு: விலை பேசும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. வீடு சேலம் அஸ்தம்பட்டியில். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் மைத்துனர், சவுத்தாம்ப்டனில் ஒருவர் விற்கும் 15 அடி ஃபைபர் படகைப் பற்றிச் சொன்னார். 30 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர், எல்லாம் சேர்த்து நம் பணத்தில் 4 லட்சம் வருகிறது. குடும்பத்தோடு மேட்டூரில் மீன் பிடிக்கவும், முடிந்தால் ஏற்காடு ஏரியில் ஓட்டவும் ஆசை. பாதிப் பணத்தை முதலில் அனுப்பினால் கப்பலில் ஏற்றுவது வரை தானே பார்த்துக்கொள்வதாக விற்பவர் சொல்கிறார். அனுப்பலாமா சார்?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். விற்பவர் மோசமானவர் என்று சொல்லவில்லை, அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்தப் படகு எந்தத் தண்ணீரில் மிதக்கப் போகிறது, எந்த உரிமத்தில் நாட்டுக்குள் வரப் போகிறது என்ற இரண்டுக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அந்த இரண்டும் தெரியாமல் விலை பேசுவதில் பொருளில்லை.

முதலில் தண்ணீர். ஏற்காடு ஏரியை மறந்துவிடுங்கள். அங்கே படகு விடுவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம். சொந்த மோட்டார் படகை இறக்குகிற இடம் அது இல்லை. மேட்டூர் விஷயம் வேறு. ஸ்டான்லி நீர்த்தேக்கம் பெரியது, 93.47 டி.எம்.சி. கொள்ளும். ஆனால் அணை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, மீன்பிடிப்பு மீன்வளத் துறையின் உரிமத்தில் நடக்கிறது. இரண்டு அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். "யாரும் ஒன்றும் சொல்லமாட்டாங்க" என்று கரையில் யாராவது சொன்னால் அதை நம்பி 4 லட்சம் போடாதீர்கள். இன்னொன்று, மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. மழை குறைந்த வருஷங்களில் கோடையில் அது பல பத்து அடி இறங்கிவிடும். ஜனவரியில் படகை இறக்கிய கரை மே மாதம் சேறும் பாறையுமாகத் தூரத்தில் நிற்கும். ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்க உறுதியான சரிவு வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் வைத்த படகு என்றால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 குறுக்கே வரும். பழைய 1917 சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. இயந்திரத்தால் ஓடும் கலத்துக்குப் பதிவும், ஓட்டத் தகுதியானது என்ற ஆய்வுச் சான்றும், காப்பீடும் கேட்கிறது. தமிழ்நாட்டில் இதற்குக் கடல்சார் வாரியத்திடம் போக வேண்டும். வரைபடமும் தயாரிப்பாளர் காகிதமும் இல்லாத பழைய வெளிநாட்டுப் படகுக்கு இந்தச் சான்று வாங்குவது புதுப் படகுக்கு வாங்குவதைவிடக் கடினம்.

அடுத்தது உரிமம். பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். புதுப் படகை இறக்குமதி செய்வது வேறு, பழையதை இறக்குமதி செய்வது வேறு. நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, மூலதனப் பொருள் (தொழிலில் உற்பத்திக்கோ சேவைக்கோ பயன்படுத்தும் இயந்திரம், கருவி) அல்லாத எந்தப் பழைய பொருளும் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற பட்டியலில் வருகிறது. குடும்ப உல்லாசத்துக்கு வாங்கும் படகு மூலதனப் பொருள் ஆகாது. ஆகவே கப்பலேறும் முன்பே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அனுமதி இல்லாமல் வந்து இறங்கினால் 1962 சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். மீட்க அபராதம், அதற்கு மேல் தண்டம், அதற்குள் துறைமுகத்தில் கண்டெய்னர் கிடந்த நாளுக்கு டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம். நாலு லட்சம் படகை மீட்க நாலு லட்சம் கட்டுகிற நிலை வந்தால், 'துறைமுகமே வைத்துக்கொள்ளட்டும்' என்றுதான் தோன்றும்.

தோட்டத்தில் தங்கும் விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதாகக் காட்டினால் மூலதனப் பொருள் என்று வாதாடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வாதாடலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படாத இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் அப்போது வேண்டும், பயணிகளை ஏற்றும் படகுக்கான விதிகளும் சேர்ந்து வரும். மீன் பிடிக்கப் போகிற குடும்பத்துக்கு இது தேவையில்லாத வம்பு. மைத்துனர் வாங்கி 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பினாலும் உரிமமும் வரியும் தப்பாது.

இப்போது காசு. உல்லாசப் படகுகள் சுங்கப் பட்டியலில் 8903 என்ற தலைப்பில் வருகின்றன. சுங்க வரியும் அதோடு சேரும் கூடுதல் வரியும் மொத்தம் 27.5 சதவீதம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு 40 சதவீதம். வரி போடுவது படகு விலைக்கு மட்டும் அல்ல, கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. படகும் இன்ஜினும் மட்டும் 3 லட்சம், கப்பலும் காப்பீடும் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்குச் சுங்கம் 1,37,500. இரண்டும் சேர்ந்த 6,37,500-க்கு ஜி.எஸ்.டி. 2,55,000. ஆக 5 லட்சம் 8,92,500 ஆகிவிடும். கிளியரிங் ஏஜென்ட் கூலி, துறைமுகச் செலவு, சேலம் வரை லாரி வாடகை எல்லாம் இதற்கு வெளியே. வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், சுங்கத்தில் இறக்குமதிப் பத்திரம் (பில் ஆஃப் என்ட்ரி) தாக்கல் செய்யும் வாரத்தில் ஏஜென்டிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

"இன்வாய்ஸில் பாதி விலை போட்டுத் தருகிறேன்" என்று விற்பவர் சொல்லலாம். உதவி மாதிரித்தான் தெரியும். ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பொருள் என்றாலே சுங்கத்தில் இன்வாய்ஸை அப்படியே ஏற்கமாட்டார்கள், பட்டயப் பொறியாளரை (சார்ட்டர்டு இன்ஜினியர்) வைத்து மதிப்பிடச் சொல்வார்கள். பொய் விலை அப்போது வெளியே வரும். கடலில் படகு சேதமானால் காப்பீடும் அந்தப் பாதி விலைக்குத்தான் பேசும்.

ட்ரெய்லருக்கு வருவோம். இதில் என் கருத்து ஒன்றுதான், அதை அங்கேயே விற்றுவிடச் சொல்லுங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், பதிவு இல்லாமல் சாலையில் இழுக்க முடியாது. இங்கிலாந்தில் இந்த மாதிரிச் சின்ன ட்ரெய்லருக்குத் தனிப் பதிவே கிடையாது. இழுக்கிற காரின் நம்பரைப் பின்னால் எழுதி மாட்டிக்கொண்டு போவார்கள். அப்படி வந்த ட்ரெய்லரை சேலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்தி, இந்த மாடல் இந்தியச் சாலைக்குத் தகுதியானது என்ற வகை ஒப்புதலும் இல்லை, பழைய ஆர்.சி.யும் இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? போதாக்குறைக்கு, கடல் தண்ணீரில் வருஷக் கணக்கில் முங்கி எழுந்த ட்ரெய்லர். மேலே கால்வனைஸ் பளபளப்பாக இருந்தாலும் சக்கர பேரிங்கும் பிரேக் கேபிளும் உள்ளே துருப்பிடித்திருக்கும். அங்கே 750 கிலோவுக்கு உட்பட்ட ட்ரெய்லருக்கு பிரேக்கே கட்டாயம் இல்லை. பிரேக் இல்லாத வண்டியைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதை நினைக்கவே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது வருஷத்துக்குச் சில முறை படகை நகர்த்துவது. சங்ககிரிப் பக்கம் லாரிக்கா பஞ்சம்? மரத் தாங்கி ஒன்று செய்து வைத்துக்கொண்டால் சின்ன லாரியில் ஏற்றி இறக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், அனுமதி கையில் வந்த பிறகு, படகைச் சோதிப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மைத்துனர் போய்ப் பார்த்து "நல்லா இருக்கு" என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்புவது சோதனை ஆகாது. கடல்சார் சர்வேயர் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்து அனுப்புங்கள், விற்பவர் சொல்கிற ஆள் வேண்டாம். ஃபைபர் படகில் அவர் பார்க்க வேண்டியது மூன்று இடம். தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதியில் கொப்புளம், அதாவது ஜெல்கோட் என்ற மேல்பூச்சைத் தாண்டி ஈரம் உள்ளே போனதன் அடையாளம். ஈரமானியை வைத்தால் தெரியும். இரண்டாவது, இன்ஜின் தொங்குகிற பின்பலகை. ஃபைபருக்கு உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும், திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது மக்கிப்போகும். இன்ஜினைச் சாய்த்து மேலும் கீழும் அசைத்தால் பலகை வளைகிறதா என்று பார்ப்பார்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் கேட்கும். மூன்றாவது தரை, காலால் மிதித்தால் அமுங்கக் கூடாது.

இன்ஜினை, அன்று ஒரு முறைகூட ஓட்டாமல் குளிர்ந்திருக்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சேன்" என்றால் சந்தேகப்படுங்கள். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை அளந்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்த மாடலுக்கு இந்தியாவில் உதிரி பாகம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே டீலரிடம் கேட்டுவிடுங்கள். யமஹாவும் சுசுகியும் இங்கே உண்டு என்றாலும், அங்கே விற்ற எல்லா மாடலும் இங்கே வந்ததில்லை.

திருட்டுப் படகா என்பதையும் பார்க்க வேண்டும். 1998 ஜூன் மாதத்துக்குப் பிறகு ஐரோப்பிய விதிப்படி விற்பனைக்கு வந்த படகுக்கு 14 எழுத்து-எண் கொண்ட ஹல் (படகின் உடல்) அடையாள எண் இருக்கும். பின்பலகையின் வலது மேல் மூலையில் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு நாட்டைக் குறிக்கும், அடுத்த மூன்று கட்டியவரை, கடைசி இரண்டு மாடல் வருஷத்தை. விளம்பரத்தில் 2012 என்றும் எண்ணின் கடைசியில் 04 என்றும் இருந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். இன்ஜின் நம்பர் தட்டு பிடுங்கப்பட்டிருந்தாலும் அப்படியே. இங்கிலாந்தில் கரையோரச் சின்னப் படகுக்குக் கட்டாயப் பதிவு இல்லை. அங்கே உள்ள சிறு கலப் பதிவேட்டின் சான்றிதழைக் காட்டினாலும் அது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. அதனால் பழைய இன்வாய்ஸ், வாட் வரி கட்டிய ரசீது, முந்தைய விற்பனைப் பத்திரங்கள், இன்ஜின் சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று, பெயர்கள் அறுபடாத சங்கிலியாக வருகிறதா என்று பாருங்கள். படகின் மேல் கடன் இருந்தால் அது உங்கள் தலையில் விழும் என்பதால், கடன் எதுவும் இல்லை என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முறை பற்றிக் கேட்டீர்கள். பாதி முன்பணம், கப்பல் ஏற்பாடும் விற்பவரே என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மோசடிக்காரர்களின் வழக்கமான ஏற்பாடும் இதுதான். அவர்கள் சொல்கிற கப்பல் கம்பெனி ஒரு வெப்சைட்டாக மட்டுமே இருக்கும். அங்கே நடைமுறை என்னவென்றால், 'சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு விலையில் 10 சதவீதம் கொடுத்து ஒப்பந்தம் போடுவது, சர்வே மோசமாக வந்தால் அது திரும்ப வரும். மீதியை, நீங்கள் ஏற்பாடு செய்த ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்பி வைக்கும் ஏஜென்ட்) படகை எடுக்கிற அன்று, மைத்துனர் முன்னிலையில் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகும்போது கொடுங்கள். பணம் உங்கள் வங்கி வழியாக, இறக்குமதிக்கான பணம் என்று சொல்லி, பத்திரத்தில் உள்ள அதே பெயர்க் கணக்குக்குத்தான் போக வேண்டும். பிறகு வங்கி பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்கும், அதைக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். ஹவாலா மாதிரிக் கைமாற்று வேண்டவே வேண்டாம்.

கப்பல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 20 அடி கண்டெய்னரின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், கதவு அகலம் 2.34 மீட்டர். 15 அடிப் படகு 4.6 மீட்டர்தான், ட்ரெய்லர் இல்லாமல் சுலபமாகப் போகும். அகலத்தை மட்டும் அளந்து வாங்குங்கள். பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரியைக் கழற்றி, அடிப்புறத்தில் ஒட்டிய பாசி சிப்பியைச் சுரண்டிக் காய வைத்துத்தான் ஏற்ற வேண்டும். முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகளில் பூச்சி சாக வெப்பம் ஊட்டியதற்கான முத்திரை இருக்கிறதா என்று ஃபார்வர்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் இங்கே துறைமுகத்தில் மரத்துக்காக நிறுத்திவிடுவார்கள்.

நானாக இருந்தால் இந்தப் படகை வாங்கமாட்டேன். கொச்சி, ஆலப்புழைப் பக்கம் ஃபைபர் படகு கட்டித் தருகிறார்கள், இன்ஜினை இந்திய டீலரிடம் புதிதாக வாங்கலாம். ஜி.எஸ்.டி. அதற்கும் உண்டு. ஆனால் சுங்கம் இல்லை, கடல் பயணம் இல்லை, உரிமத்துக்காகக் காத்திருப்பதும் இல்லை. வரைபடம், தயாரிப்பாளர் சான்று எல்லாம் கையில் வருவதால் பதிவும் சுலபம். மீன் பிடிப்பதுதான் முக்கியம் என்றால், இன்ஜின் இல்லாத துடுப்புப் படகுக்கு ஜி.எஸ்.டி.யும் 18 சதவீதம்தான்.

இந்த வாரம் மேட்டூர் போய் இரண்டு அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டு வாருங்கள். சவுத்தாம்ப்டன்காரரிடம் ஹல் எண்ணின் படம், இன்ஜின் நம்பர் தட்டின் படம், பழைய இன்வாய்ஸ் மூன்றையும் கேளுங்கள். சர்வேக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள். நாளைக்கே வேறு ஆள் வாங்கப் போகிறார் என்று அவசரப்படுத்தினால், விற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். மேட்டூரில் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், அனுமதி கிடைத்தால் இறக்குமதி விண்ணப்பத்துக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்பதை அப்போது சொல்கிறேன்.