குரல்வளையை முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா?

அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய் நான்காம் நிலை, மருத்துவர் குரல்வளையையே எடுக்கச் சொல்கிறார், கதிர்வீச்சும் கீமோவும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியப்பாவுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தபோது கூடவே இருந்தவன் நான்.

முதலில் ஒன்று. நான்காம் நிலை என்றதும் உடல் முழுக்கப் பரவிவிட்டது என்று பயப்பட வேண்டாம். 4ஏ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அறுவை செய்து எடுக்கக்கூடிய கட்டிதான்.

1991இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 332 பேர் இருந்தார்கள். அறுவைக்குப் பதில் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் குரல்வளை தப்பியது. இரண்டு ஆண்டுக் கணக்கில் உயிர் பிழைத்தவர்களின் விகிதமும் இரு தரப்பிலும் ஒன்றுதான். ஆனால் கட்டி பெரிதாக இருந்தவர்களில் பலருக்குக் கடைசியில் அறுவை தேவைப்பட்டது. கட்டி குருத்தெலும்பை உடைத்து வெளியே வந்திருந்தாலோ, விழுங்குவதெல்லாம் புரையேறி நுரையீரலுக்குள் போனாலோ, அந்தக் குரல்வளையை வைத்திருந்து பெரிய பயனில்லை. கதிர்வீச்சு வாங்கிய கழுத்தில் பிறகு கத்தி வைத்தால் புண் ஆறுவதும் சிரமம். சிடி ஸ்கேனில் குருத்தெலும்பு எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அறுவையில் மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தில் துளையாகத் தைத்துவிடுவார்கள். அது நிரந்தரம். கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். கொஞ்ச நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. காயம் ஆறியபின் வழக்கமாகக் கதிர்வீச்சும் உண்டு. மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாசனை தெரியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பெரியப்பாவுக்கு வருத்தம்.

பேச்சு அடியோடு போய்விடாது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு பொருத்துவது ஒரு வழி. துளையை விரலால் மூடினால் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குப் போய்க் குரலாகிறது. கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். வால்வை அவ்வப்போது மாற்ற வேண்டும். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியும் இருக்கிறது. அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிடுங்கள். குரல் வரும்வரை அப்பா எழுதிக் காட்டுவார். பாதியிலேயே ஊகித்து நீங்கள் முடித்துவிடாதீர்கள், அப்படி ஒரு கோபம் வரும் அவர்களுக்கு!

அப்புறம், துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது கவனம், நீச்சல் வேண்டாம். எப்போதாவது அவசர சிகிச்சைக்குப் போனால் அவசரத்தில் மூக்கில் மாஸ்க் வைத்துவிடுவார்கள். ஆக்சிஜனைக் கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.