நெகட்டிவாக நினைத்ததால்தான் தேர்வு போனதா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இரண்டு முறை தவறியதற்கு 'நெகட்டிவாக நினைத்ததுதான் காரணம்' என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விடை வட்டங்களை நிரப்பித் தரும் ஓ.எம்.ஆர். தாளைத் திருத்தும் இயந்திரத்துக்கு உங்கள் மனசு தெரியாதுங்க. எண்ணம் வேலை செய்வது அதற்கு முன்னால்: தூக்கத்தில், படிக்க உட்காரும் நேரத்தில், தெரிந்த கேள்விக்கும் பதறுவதில்.

பாசிட்டிவ் கற்பனையும் பெரிய மருந்தில்லை. உளவியலாளர் கேப்ரியல் எட்டிங்கன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை கிடைத்துவிட்டதாகக் கற்பனையில் திளைத்த பட்டதாரிகள் விண்ணப்பித்ததே குறைவு, கிடைத்த வேலைகளும் குறைவு. கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

அதனால் பயத்தை விரட்ட மெனக்கெடாதீர்கள். பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மதிப்பெண் எங்கே போகிறது? பொதுத்தமிழ் 100 கேள்விகளிலா, பொது அறிவு 75-லா, திறனறிவு 25-லா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.